‘பொது இடம்தானே அக்கா’

கேட்டவுடன் நியாயமாகப்படும் வாதங்களில் இதுவும் ஒன்று. பொது இடத்தில் நிற்கிறோம், போகிறவர் வருகிறவர் எல்லாரும் நம்மைப் பார்க்கத்தான் செய்கிறார்கள், கண்ணால் பார்க்கலாம் என்றால் செல்போனில் எடுத்தால் மட்டும் என்ன கெட்டுப்போகிறது? இதை ஒரு பையன் என் முகத்துக்கு நேராகச் சொன்னதிலிருந்து இதற்கான பதிலைத் தேடிக்கொண்டே இருக்கிறேன். அன்றைக்கு என்னிடம் கோபம் இருந்தது, பதில் இல்லை. அதைவிடப் பெரிய சிக்கல் என்னவென்றால், அவன் சொன்னதில் பாதியை நானும் மனதார நம்புகிறவள். பொது இடத்தில் கேமராவை எடுக்கவே கூடாது என்று யாராவது சட்டம் கொண்டுவந்தால் முதலில் எதிர்ப்பவர்களில் நானும் இருப்பேன்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். 2020 மே மாதம் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் போலீஸ் பிடியில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் என்ற கறுப்பினத்தவர் இறந்தபோது, காவல்துறை முதலில் வெளியிட்ட அறிக்கை அதை ஏதோ உடல்நலக் கோளாறால் நேர்ந்த மரணம் போலத்தான் சொன்னது. அந்த வழியாகப் போன 17 வயதுப் பெண் ஒருத்தி நடுங்கும் கையோடு செல்போனைப் பிடித்துக்கொண்டு நின்றிராவிட்டால் அந்த அறிக்கைதான் வரலாறாகியிருக்கும். அவள் யாரிடம் அனுமதி கேட்டிருக்க முடியும்? கழுத்தில் முழங்காலை வைத்திருந்த போலீஸ்காரரிடமா? மறுவருடம் இதழியலுக்கான விருதுகளைத் தரும் புலிட்சர் குழு அவளுக்குச் சிறப்பு விருது கொடுத்தது. அதிகாரத்தில் இருப்பவரைச் சாதாரண மனிதர் ஒருவர் படம்பிடிக்க முடிவது இந்தக் காலம் நமக்குக் கொடுத்த பெரிய பாதுகாப்பு, அதை யாரும் பறித்துவிடக் கூடாது. ஆனால் அந்தப் பெண் செய்ததும் நான் பார்த்த பையன் செய்ததும் ஒரே உரிமையின் கீழ் வரும் என்று சொன்னால் அது மட்டும் எனக்குச் செரிக்கவில்லை.

நடந்தது ஒரு ரயில் நிலையத்தில். வண்டி தாமதம், பிளாட்பாரத்தில் கூட்டம். எனக்கு எதிர் பெஞ்சில் ஐம்பதைத் தாண்டிய ஒரு அம்மா செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். சத்தம் போட்டு இல்லை. அந்தப் பக்கம் யாரோ ஏதோ சொல்லச் சொல்ல இவர் ‘சரி… சரி…’ என்று மட்டும் சொன்னார், நடுநடுவே கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். சுற்றி இருந்தவர்கள் நடந்துகொண்ட விதம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பக்கத்தில் இருந்தவர் தன் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த குழந்தையின் தலையை அதன் அப்பா மெல்ல வேறு பக்கம் திருப்பினார். யாரும் யாரிடமும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் அந்த நெரிசலுக்கு நடுவில் அவருக்கென்று ஒரு சின்ன அறையையே எல்லாருமாகச் சேர்ந்து கட்டிக்கொடுத்துவிட்டார்கள். பொது இடம் என்பது இப்படித்தான் ஓடுகிறது என்று நினைக்கிறேன். எல்லாரும் எல்லாரையும் பார்க்கலாம் என்பதால் இல்லை, எப்போது பார்க்கக் கூடாது என்பது பெரும்பாலானவர்களுக்குத் தெரிந்திருப்பதால்.

அப்புறம் இரண்டு பையன்கள் வந்தார்கள். ஒருவன் கையில் பரிசுப் பொட்டலம் மாதிரி ஏதோ, சட்டைக் காலரில் குட்டி மைக். இன்னொருவன் செல்போனைக் குச்சியில் மாட்டிப் பிடித்திருந்தான். “அம்மா, ஏம்மா அழறீங்க? எங்களால முடிஞ்ச உதவியைப் பண்ணலாம்னு வந்தோம்” என்று மைக் பையன் கேட்டான். அவர் நிமிர்ந்து பார்த்தார், செல்போனைப் பார்த்தார், வேண்டாம் என்று தலையாட்டினார். கேமரா போகவில்லை. கையால் முகத்தை மறைத்துக்கொண்டார். அப்போது படம்பிடித்துக்கொண்டிருந்தவன் முழங்காலை மடக்கி, குச்சியைத் தாழ்த்தி, அந்தக் கைக்குக் கீழே இருந்து முகம் தெரிகிற மாதிரி கோணத்தை மாற்றினான். எனக்கு எல்லாம் அந்த ஒரு குனிதலில் இருக்கிறது. அதுவரைக்கும் அவனுக்குத் தெரியாமல் செய்தான், புரியாமல் செய்தான் என்று சொல்ல இடம் இருந்தது. முகத்தை மறைத்த பிறகு அந்த முகத்தைத் தேடிக் குனிந்தவன், அவர் வேண்டாம் என்றதைப் புரிந்துகொண்டதால்தான் குனிந்தான்.

நான் எழுந்து போய், “தம்பி, அவங்க வேண்டாம்னு சொல்றாங்கல்ல, நிறுத்துங்க. எடுத்ததையும் அழிச்சிடுங்க” என்றேன். அவன் கோபப்படவில்லை. பொறுமையாக, எனக்குப் பாடம் சொல்லித்தருகிற தொனியில், “பொது இடம்தானே அக்கா. யார் வேணா எடுக்கலாம். நாங்க நல்ல விஷயத்துக்குத்தான் பண்றோம்” என்றான். சொல்லிக்கொண்டே கேமராவை என் பக்கம் திருப்பினான்.

கேமரா என் பக்கம் திரும்பியபோது

அதற்கு முன்னும் நான் எத்தனையோ படங்களில் இருந்திருக்கிறேன், யாருடைய கல்யாண வீடியோவிலோ, யாருடைய செல்ஃபிக்குப் பின்னாலோ. இது அப்படி இல்லை. லென்ஸ் என்னை நோக்கி வந்து நின்ற அந்த நொடியில் என் பேச்சு மாறிவிட்டது. அதுவரை ‘தம்பி’ என்று ஒருவனிடம் பேசிக்கொண்டிருந்தேன். அப்புறம் நான் பேசியது அவனிடம் இல்லை. நான் யார், எதற்காக நிற்கிறேன் என்று எதுவும் தெரியாத, என்னைப் பார்க்கப்போகிற, நான் பார்க்கவே முடியாத யார் யாரிடமோ பேச ஆரம்பித்துவிட்டேன். மேடையில் பேசுகிறவளைப் போல வாக்கியங்களை முழுசாக முடித்தேன். கலைந்திருந்த முடியை என் கை தானாகவே ஒதுக்கிவிட்டது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது. யாரோ ஒருவன் என் உடம்புக்குள் நுழைந்து என் கையை அசைத்த மாதிரி இருந்தது.

அங்கே நின்றபோதுதான் இன்னொன்றும் உறைத்தது. இனி நான் என்ன செய்தாலும் அது அவனுக்கு லாபம்தான். கத்தினால் ‘ரயில் நிலையத்தில் ஆவேசப்பட்ட பெண்’. செல்போனைத் தட்டிவிட்டால் நான் தாக்கியவள். பேசாமல் திரும்பிப் போனால் ‘பதில் சொல்ல முடியாமல் ஓட்டம்’. முகத்தை மூடினால், மூடுகிறவர்கள் எல்லாம் ஏதோ தப்பு செய்தவர்கள் என்று கமெண்டில் எழுத ஆட்கள் காத்திருக்கிறார்கள். சாதாரணமாக ஒருவர் நம்மைத் தொந்தரவு செய்தால் நாம் காட்டும் எதிர்ப்புக்குக் கொஞ்சமாவது பலன் இருக்கும், அவர் கூச்சப்படுவார், சுற்றியிருப்பவர்கள் கேட்பார்கள், விலகிப் போவார். இங்கே எதிர்ப்புதான் சரக்கு. நான் எவ்வளவு எதிர்க்கிறேனோ அவ்வளவு பேர் பார்ப்பார்கள். வெளியேற வாசலே இல்லாத இந்த நிலையைத்தான் நான் தொல்லை என்கிறேன். தொடுவதும் பின்தொடர்வதும் மட்டும்தான் தொல்லை என்று யாராவது சொன்னால் அவர் முன்னால் இன்னும் கேமரா திரும்பவில்லை என்றுதான் அர்த்தம்.

நாங்கள் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் அந்த அம்மா எழுந்து, பையைத் தூக்கிக்கொண்டு, பிளாட்பாரத்தின் கோடிக்கு நடந்துவிட்டார். செல்போன் இன்னும் காதில்தான் இருந்தது. அவர் யாரிடம் பேசினார், என்ன செய்தி கேட்டார் என்று எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். அந்தச் செய்தியை உட்கார்ந்து கேட்பதற்கு அவருக்கு ஒரு இடம் இருந்தது, அது போய்விட்டது.

‘நல்லதுக்குத்தான்’ என்ற சாக்கு

அந்தப் பையன் பொய் சொன்னான் என்று நான் நினைக்கவில்லை, அவன் தன்னை நல்லவனாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தான். 2022இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் இதே மாதிரி ஒன்று நடந்து உலகம் முழுக்கச் சுற்றியது. ஒரு வணிக வளாகத்தில் தனியாக உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்த பெண்ணிடம் ஒரு இளைஞர் வந்து, ஜாக்கெட்டைப் போட்டுக்கொள்கிறேன், இந்தப் பூங்கொத்தைக் கொஞ்சம் பிடியுங்கள் என்று கொடுத்துவிட்டு, வாழ்த்துச் சொல்லி நடந்துபோய்விட்டார். தெரியாமல் எடுத்த அந்த வீடியோவைக் கோடிக்கணக்கானோர் பார்த்து நெகிழ்ந்தார்கள். தனிமையில் வாடும் மூதாட்டிக்கு ஒரு நிமிட மகிழ்ச்சி என்ற கதை தானாக உருவாகிவிட்டது. அந்தப் பெண் வானொலியில் பேசியபோது சொன்னது வேறு. தனக்கு அது மனிதத்தன்மையையே பறித்த மாதிரி இருந்தது என்றார், தன்னுடைய அமைதியான நேரத்தில் குறுக்கிட்டு, தன் சம்மதமில்லாமல் எடுத்துப் போட்டு, நடந்ததை அது அல்லாத வேறொன்றாக மாற்றிவிட்டார் என்றார்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது அந்தக் கடைசிக் குறைதான். அந்த வீடியோவில் கேவலமாக எதுவும் இல்லை, யாரும் அவரைத் திட்டவில்லை, பார்த்தவர்களுக்கெல்லாம் பரிவு. ஆனால் அந்தப் பரிவு போய்ச் சேர்ந்தது வேறொருவருக்கு, அவர்களாகக் கற்பித்துக்கொண்ட பாவப்பட்ட பாட்டிக்கு. தனியாக உட்கார்ந்து காபி குடிப்பதை ரசிக்கிற ஒரு பெண் அந்தப் படத்தில் எங்கேயும் இல்லை. மானம் போகிற மாதிரி எடுத்தால்தான் தப்பு, அழகாக எடுத்தால் என்ன என்று கேட்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன். அழகாக எடுத்தாலும் என் கதையை நீ எழுதுகிறாய், நான் அதில் என் பெயருக்குக்கூடப் பொறுப்பில்லாதவளாக இருக்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது

அன்றைக்கு அந்தப் பையன் சட்டம் தன் பக்கம் என்று நினைத்தான். ஊருக்கு ஊர் சட்டம் வேறு, சில இடங்களில் அவன் சொன்னது கிட்டத்தட்டச் சரி. ஆனால் பொது இடம் என்று வந்துவிட்டால் உரிமையே முடிந்துபோகிறது என்பது பல நாடுகளில் நீதிமன்றம் ஏற்காத வாதம். கனடாவில் ஒரு வழக்கு. மான்ட்ரியாலில் ஒரு கட்டடத்தின் படியில் உட்கார்ந்திருந்த 17 வயதுப் பெண்ணைக் கேட்காமல் படமெடுத்து ஒரு கலை இலக்கிய இதழ் போட்டுவிட்டது. மோசமான படமும் இல்லை. அந்த இதழ் விற்றது 722 பிரதி. கூடப் படித்தவர்கள் பார்த்துக் கிண்டல் செய்தார்கள், அவள் வழக்குப் போட்டாள். 1998இல் கனடாவின் உச்ச நீதிமன்றம் அவளுக்கு 2,000 டாலர் இழப்பீடு சரிதான் என்றது, மான்ட்ரியால் இருக்கும் கியூபெக் மாகாணத்தின் சட்டப்படி ஒருவருடைய உருவத்தை அவர் சம்மதம் இல்லாமல் வெளியிடுவது அவருடைய அந்தரங்க உரிமையை மீறுவது என்று. 722 பிரதிக்கு அந்தத் தீர்ப்பு. இன்றைக்கு ஒரு ரீல் பஸ் ஏறி இறங்குவதற்குள் அதைப் போல எத்தனை மடங்கு பேரிடம் போய்விடுகிறது.

ஜெர்மனியில் இது இன்னும் பழைய கதை. 1898இல் அந்நாட்டின் முன்னாள் பிரதமர் பிஸ்மார்க் இறந்ததும் இரண்டு புகைப்படக்காரர்கள் அந்த அறைக்குள் புகுந்து சடலத்தைப் படமெடுத்துவிட்டார்கள். அந்தக் கொந்தளிப்பு ஓயாமல் 1907இல் வந்த சட்டம், ஒருவருடைய படத்தை அவர் சம்மதத்தோடுதான் பரப்பலாம் என்கிறது. ஊர்வலத்தை எடுக்கலாம், ஒரு காட்சியை எடுக்கும்போது ஓரமாக நிற்பவர்கள் விழலாம், பொதுவாழ்வில் இருப்பவர்களை எடுக்கலாம், அதற்கெல்லாம் விலக்கு இருக்கிறது. அதற்கு மேல் 2015இலிருந்து அங்கே, ஒருவர் கதியற்று இருக்கும் நிலையைக் காட்சிப்பொருளாக்குகிற படத்தை அனுமதியின்றி எடுப்பதே தண்டனைக்குரிய குற்றம். பொது இடமா தனி இடமா என்ற கேள்வியைத் தாண்டி, அந்த மனிதர் எந்த நிலையில் இருக்கிறார் என்று கேட்கிற சட்டம் அது, எனக்கு அதுதான் சரியான கேள்வியாகப் படுகிறது.

இந்தியாவில் 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு புட்டசாமி வழக்கில் தனியுரிமையை அடிப்படை உரிமை என்றது. அந்தத் தீர்ப்பில், பொது இடத்தில் இருப்பதாலேயே ஒருவர் தன் அந்தரங்கத்தை இழந்துவிடுவதில்லை, அது மனிதரோடு ஒட்டியிருப்பது என்ற கருத்து தெளிவாக இருக்கிறது. ஆனால் உரிமை என்று சொல்வதற்கும் பிளாட்பாரத்தில் நிற்பவளுக்கு அது கைகொடுப்பதற்கும் இடையே தூரம் அதிகம். ஒளிந்து பார்ப்பதைப் பற்றிய குற்றப்பிரிவு, முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 354சி, 2024இலிருந்து அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 77, உடை மாற்றுவது போன்ற அந்தரங்கச் செயல்களைப் பற்றியது. அழுகிற முகம் அதில் வராது. இங்கிலாந்தில் பாவாடைக்குக் கீழே செல்போனை நீட்டிப் படமெடுப்பவர்களைப் பிடிக்கவே 2019 வரை நேரான சட்டம் இல்லை, ஒளிந்து பார்க்கும் குற்றமென்றால் தனி இடமாக இருக்க வேண்டும், இதுவோ பொது இடம். ஒரு பெண் விடாமல் போராடிய பிறகுதான் சட்டம் மாறியது. மாறும் வரைக்கும் அங்கேயும் இதே பதில்தான், பொது இடம்தானே.

அமெரிக்கா இதில் ரொம்பத் தாராளம், தெருவில் நிற்பவரைப் படமெடுப்பது அங்கே பெரும்பாலும் குற்றமில்லை. அங்கேயே கூட 1970களில் மறைந்த அதிபர் கென்னடியின் மனைவியாக இருந்த ஜாக்குலின் ஒனாசிஸை ஓயாமல் துரத்திய புகைப்படக்காரர் ரான் கலெல்லாவை, அவரிடமிருந்து 25 அடி தள்ளி நிற்க வேண்டும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் கட்டுப்படுத்தியது. படமெடுக்காதே என்று சொல்லவில்லை. துரத்துவதும் வழிமறிப்பதும் வேறு குற்றம், கையில் கேமரா இருப்பதால் அது மன்னிக்கப்படாது என்றது. பூங்காவில் உட்கார்ந்திருக்கும் ஜோடிகளை ‘அம்பலப்படுத்துகிறோம்’ என்று செல்போனோடு சூழ்ந்துகொண்டு பெயர் கேட்டு, வீட்டு நம்பர் கேட்டு மிரட்டுகிறார்களே, அவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும்.

பார்த்தவர் மறப்பார்

சரி, அந்தப் பையனுக்கு நான் இப்போது பதில் சொல்வதென்றால் இதைத்தான் சொல்வேன். அன்று அந்த அம்மாவைச் சுற்றி ஐம்பது பேர் இருந்தோம். நாங்கள் அவரைப் பார்த்தோம், அவரும் எங்களைப் பார்க்க முடிந்தது. யார் பார்க்கிறார்கள், எப்படிப் பார்க்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும், பிடிக்கவில்லை என்றால் நகர்ந்துவிடலாம். நாங்களும் வண்டி ஏறியதும் மறந்துவிடுவோம். இந்தக் கணக்கை நம்பித்தான் மனிதர்கள் வெளியே வருகிறார்கள், ஆஸ்பத்திரி வாசலில் அழுகிறார்கள், தெருவில் சண்டை போட்டுச் சமாதானமாகிறார்கள், தூக்கத்தில் வாயைத் திறந்தபடி பயணம் செய்கிறார்கள். பதிவு செய்து போட்டுவிட்டால் பார்க்கிறவர்கள் யாரென்று தெரியாது, எத்தனை பேர் என்று தெரியாது, எப்போது முடியும் என்றும் தெரியாது. அவர் சம்மதித்தது எங்கள் ஐம்பது பேருக்கு, அதுவும் வேறு வழியில்லாமல். உலகத்துக்கு இல்லை.

கூட்டத்தில் முகம் தெரியாமல் இருக்கலாம் என்பதும் மெல்ல இல்லாமல் போகிறது. 2024இல் ஹார்வர்டு மாணவர்கள் இருவர், கேமரா வைத்த மூக்குக்கண்ணாடியையும் முகத்தை வைத்துத் தேடும் இணையச் சேவையையும் இணைத்து, எதிரே வருகிற அந்நியரின் பெயர் முதலான விவரங்களைச் சற்று நேரத்தில் எடுத்துக் காட்டினார்கள். எச்சரிக்கைக்காகச் செய்தார்கள், அந்த நிரலை வெளியிடவும் இல்லை. ஆனால் அதற்குத் தேவையான பொருள்கள் எல்லாமே கடையில் கிடைப்பவை. குச்சியில் செல்போனை மாட்டிக்கொண்டு வந்த பையனையாவது அந்த அம்மாவால் பார்க்க முடிந்தது, முகத்தை மறைக்கவாவது முடிந்தது.

அப்படியென்றால் மினியாபொலிஸ் பெண்ணை எங்கே வைப்பது? நெடுநாள் குழம்பிய இடம் இது, இப்போது எனக்குத் தெளிவாக இருக்கிறது. அவள் செல்போனைக் காட்டியது சீருடையிலும் பணியிலும் இருந்த ஒருவரின் செயலை நோக்கி. அவருக்குத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு துறையே பின்னால் நின்றது. அந்த அம்மாவுக்குப் பின்னால் யாரும் நிற்கவில்லை. எடுப்பதையும் போடுவதையும் கூட நான் பிரித்துப் பார்க்கிறேன். ஏதோ அநியாயம் நடக்கிறது என்று பட்டால் எடுத்து வையுங்கள், அது சாட்சி. போடுவது தனி முடிவு, அதற்குத் தனியாக யோசிக்க வேண்டும். பாதிக்கப்பட்டவரின் முகத்தை மங்கலாக்க இன்றைய செல்போனில் ஒரு நிமிடம் கூட ஆகாது. மேலே சொன்ன அதே 77ஆம் பிரிவிலேயே ஒரு விளக்கம் இருக்கிறது, எடுப்பதற்குச் சம்மதித்திருந்தாலும் பரப்புவதற்குச் சம்மதிக்கவில்லை என்றால் பரப்பியது குற்றம் என்று. எடுப்பதற்கு ஒரு சம்மதம், பரப்புவதற்கு வேறு சம்மதம் என்பது சட்டத்துக்குத் தெரிந்த விஷயம்தான். அந்த வெளிச்சத்தைச் சாதாரணத் தருணங்களுக்கும் கொஞ்சம் நீட்டினால் போதும் என்கிறேன்.

யாரையாவது இப்படிச் சூழ்ந்துகொண்டால் நான் இப்போது எடுப்பவரோடு வாதாடப் போவதில்லை. நேராக, எடுக்கப்படுகிறவரிடம் போய் அவருக்கும் கேமராவுக்கும் நடுவில் முதுகைக் காட்டி நின்றுகொண்டு, “உங்களுக்கு இது சரியா? அந்தப் பக்கம் போயிடலாமா?” என்று கேட்கிறேன். என் முதுகை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும்.

அன்றைய வீடியோவைத் தேடினேன், கிடைக்கவில்லை. போடாமல் விட்டிருக்கலாம், எனக்கு அகப்படாத ஏதோ பெயரில் இருக்கலாம். கிடைத்தால் என்ன செய்யலாம் என்று அப்போதே பார்த்தும் வைத்தேன். யூடியூபில் தனியுரிமைப் புகார் கொடுக்க வழி இருக்கிறது, வீடியோவில் நாம்தான் என்று அடையாளம் தெரிய வேண்டும், போட்டவருக்குப் பொதுவாக 48 மணி நேரம் கொடுத்து நீக்கவோ மறைக்கவோ சொல்கிறார்கள். ஆனால் சில விதிவிலக்குகள் தவிர, பாதிக்கப்பட்டவரேதான் புகார் தர வேண்டும். என் முகத்துக்காக நான் கேட்கலாம். அந்த அம்மாவுக்காகக் கேட்க முடியாது. அவர் கேட்க வேண்டுமென்றால் முதலில் அப்படி ஒரு வீடியோ இருக்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும், யாராவது தெரிந்தவர் பார்த்து அவரிடம் சொல்ல வேண்டும், அதாவது அவர் எதற்குப் பயந்து முகத்தை மூடினாரோ அது நடந்து முடிந்த பிறகுதான் அவருக்குக் கதவு திறக்கிறது. ஒரு வீடியோவில் ஒருவர் முகத்தை மறைப்பதும் தலையாட்டி மறுப்பதும் அப்பட்டமாகத் தெரியும்போது, அதைப் பார்க்கிற யார் புகார் கொடுத்தாலும் இந்தத் தளங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். அவருடைய மறுப்பு அந்தப் பதிவிலேயே இருக்கிறது, வேறு மனு எதற்கு?